கெடுபிடிப் போரும் கோதுமைக் கப்பலும்

இரண்டு பெரிய மிராசுதார்கள் வாய்க்கால் தகராறில் பகை கொண்டால், இடையிலே நிலம் வைத்திருக்கும் சிறு குடியானவனே மிகுதியாக அல்லலுறுவான். அமெரிக்காவும் ஸோவியத் ருஷ்யாவும் ஏறத்தாழ 1947 முதல் 1991 வரை நடத்திய கெடுபிடிப் போரின் வரலாறும் அத்தகையதே. அப்போரின் அணுகுண்டுகளைப் பற்றி எழுதியோர் பலர். தானியத்தைப் பற்றி எழுதியோர் சிலர். விளைவிப்போரும் நெய்வோரும் படிக்கும் இவ்விதழில் தானியத்தின் கதையைச் சொல்வதே பொருத்தமாகும்.

பகைக்குக் காரணம் முதலாளித்துவமும் பொதுவுடைமையும் ஒவ்வாமையே என்பது பாதி உண்மைதான். 1917 புரட்சியில் தோன்றிய ருஷ்ய அரசை அமெரிக்கா 1933 வரை அங்கீகரிக்கவேயில்லை. எனினும் ஹிட்லரை வீழ்த்த இரு நாடுகளும் கைகோத்து நின்றன. அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் மக்களைப் பறிகொடுத்த ருஷ்யா, பகைவன் மீண்டும் நுழையாதிருக்கக் கிழக்கு ஐரோப்பா தன் பிடியில் இருத்தல் வேண்டுமெனக் கருதிற்று. 1949 வரை அணுகுண்டைத் தான் மட்டுமே வைத்திருந்த அமெரிக்காவோ, அச்செயலில் உலகையே விழுங்கும் ஆசையைக் கண்டது. ஒருவர் தற்காப்பு மற்றவருக்குப் படையெடுப்பாகத் தோன்றிற்று.

1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் ருஷ்யா அடைத்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்திலேயே வந்திறங்கின. மறு ஆண்டு மே மாதம் தடை விலகிற்று. உணவைத் தடுத்தும் வழங்கியும் போர் புரியலாம் என்பது அங்கே வெளிப்படையாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்கக் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. விவசாயிக்கு அரசு ஆதரவு விலை கொடுத்தமையால் விளைச்சல் பெருகி, வாங்குவோரின்றித் தேங்கிற்று. 1954 ஜூலையில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையொப்பமிட்ட ‘பி. எல். 480’ என்னும் சட்டம், அந்த மிகுதியை நட்பு நாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்துக்கே விற்க வழி செய்தது. உபரி தீரும், நட்பும் கிட்டும். 1956-இல் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டது. கோதுமையோடு பஞ்சும் வந்தது என்பதை நெசவாளர்கள் கவனிக்க வேண்டும். ருஷ்யாவும் வாளாவிருக்கவில்லை. அது பரிசாக அளித்த இயந்திரங்களைக் கொண்டு, அதே 1956-இல் இராஜஸ்தானத்துச் சூரத்கரில் பெரிய அரசுப் பண்ணையொன்று தொடங்கப்பெற்றது. இருவர் போட்டியிலும் நமக்கு ஆதாயம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் கடனுக்கு நெல் அளப்பவன் என்றேனும் மரக்காலைத் தடவிப் பார்ப்பான் அல்லவா? 1965-இலும் 1966-இலும் பருவமழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வியத்நாம் மீதான குண்டுவீச்சை இந்தியா குறைகூறியது ஜனாதிபதி ஜான்ஸனுக்கு உவக்கவில்லை. நம் விவசாயக் கொள்கை மாறவேண்டும் என்பதும் அவர் எண்ணம். ஆதலால் நீண்டகால உடன்படிக்கையை நிறுத்தி, சிறிது சிறிதாகவே கப்பல்களுக்கு அனுமதி தந்தார். அடுத்த மாதத்து உணவு எங்கிருந்து வரும் என்று ஒரு பெரிய தேசம் துறைமுகத்தையே நோக்கியிருந்த நாட்கள் அவை. உணவமைச்சராயிருந்த திரு. சி. சுப்பிரமணியம், 1966-இல் 18,000 டன் மெக்ஸிகோ கோதுமை விதையைத் தருவித்தார். 1964-65-இல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. அவமானமும் சில வேளை உரமாகிறது. ஆயினும் அவ்வுரத்தை எவரும் விரும்பிக் கேட்கமாட்டார்.

ருஷ்யாவின் கதை இன்னும் விந்தையானது. குருஷ்சேவ் 1954 முதல் கஜகஸ்தானத்திலும் மேற்கு ஸைபீரியாவிலும் கன்னி நிலங்களைக் கோடிக்கணக்கான ஏக்கரில் உழுவித்தார். முதலில் நல்ல மகசூல் கிடைத்தது. பின்னர் புழுதிக்காற்று மேல்மண்ணை வாரிச் சென்றது. 1963-இல் விளைவு பொய்த்தபோது, பகை நாட்டாரிடமே கோதுமை வாங்க நேர்ந்தது. 1972-இல் அமெரிக்காவிடம் வாங்கியது ஒரு கோடி டன்னுக்கும் மேல். ஓராண்டுக்குள் உலகச் சந்தையில் கோதுமை விலை இரு மடங்குக்கு மேல் ஏறிற்று. அவ்விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இவ்விரு வல்லரசுகளையும் சாராத ஏழை நாட்டினரே.

1979 டிசம்பரில் ருஷ்யப் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தன. மறு மாதமே ஜனாதிபதி கார்ட்டர் 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்தை நிறுத்திவைத்தார். ருஷ்யா அர்ஜென்டினாவிடம் வாங்கிக்கொண்டது. கசப்புற்றவன் அமெரிக்க விவசாயி. 1981 ஏப்ரலில் ஜனாதிபதி ரீகன் தடையை நீக்கினார். பொதுவுடைமையை அவரினும் கடுமையாகச் சாடியவர் அந்நாளில் மிகச் சிலரே!

1991 டிசம்பரில் ஸோவியத் ஒன்றியம் கலைந்தது. அமெரிக்கக் கோதுமைக்குக் காத்துக்கிடந்த அதே ருஷ்யா, 2010-களின் பிற்பகுதியில் உலகிலேயே மிகுதியாகக் கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடாக எழுந்தது.