உயிர் காக்கும் ஒரு வரி

மோட்டார் வண்டி ஓட்டுவோருக்குச் சர்க்கார் வழங்கும் லைசென்ஸில், அவரவர் தேக நிலையைப் பற்றிய இரண்டொரு குறிப்புகளை அவரவர் இஷ்டப்படி பதிந்துகொள்ள இடமளிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இஃது அற்ப விஷயமென்று பட்டணவாசிகள் சிலர் எண்ணக்கூடும். சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை போன்ற கிராமங்களில் வாழ்வோர் அங்ஙனம் எண்ணார்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள்ளன. 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் அப்பாதையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைமேல் பெருங்காயமுற்றவர் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியை அடைய மலை இறங்கியே தீர வேண்டும். அவர் தன்னினைவிழந்து, உடன் வந்தவர்களும் அடிபட்டுக் கிடப்பாராயின், அவருக்காக வாய் திறந்து பேசுவோர் யார்? சட்டைப்பையிலுள்ள ஒரு சீட்டுத்தான் பேச முடியும்.

அந்தச் சீட்டு இன்று என்ன பேசுகிறது? 2019ஆம் வருஷம் அக்டோபர் முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான லைசென்ஸ் வகுக்கப்பட்டது. அதில் இரத்த வகைக்கு இடமுண்டு. மரித்தபின் உறுப்பு தானம் செய்யச் சம்மதமா என்பதற்கும் இடமுண்டு. இரண்டாவது ஏற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். 2008ஆம் வருஷத்தில், விபத்தில் மூளைச் சாவடைந்த ஒரு சிறுவனின் பெற்றோர் அவன் உறுப்புகளை ஈந்தது முதல், தமிழ்நாடு இத்தருமத்தில் தேசத்துக்கு வழிகாட்டி வருகிறது. இங்ஙனம் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை செலுத்தப்படுமென 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் மரித்தபின் பிறருக்கு உதவுவதைக் கேட்கும் சீட்டு, உயிரோடிருக்கையில் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் கேட்க வேண்டாமா?

இரத்த வகை எழுதியிருக்கிறதே என்பார்கள். சீட்டில் எழுதியதை மட்டும் நம்பி எந்த வைத்தியரும் இரத்தம் ஏற்றுவதில்லை. சோதித்துப் பொருத்தம் பார்த்த பின்னரே ஏற்றுவர். தாமதத்துக்கு இடமில்லையெனில் யாவருக்கும் பொதுவான ‘ஓ’ வகையைக் கொடுப்பர். வைத்தியர் உண்மையில் அறிய விரும்புவன வேறு. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவருக்குத் தலையில் அடிபட்டால், அதை உடனே அறிவது உயிர்ப் பிரச்சினையாகும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அதைச் செலுத்துவது ஆபத்து. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சர்க்கரை குறைந்து தடுமாறுகையில், பார்ப்பவர்கள் அவரைக் குடிகாரரென்றெண்ணி ஒதுங்கிப் போகவும் கூடும்.

இது புதுமையான யோசனையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வைத்தியரின் மகள், 1953இல் ஒரு மருந்து ஒவ்வாமல் சாகும் தறுவாய்க்குச் சென்று பிழைத்தாள். அதன் விளைவாக 1956இல் ‘மெடிக்அலர்ட்’ என்னும் ஸ்தாபனம் தோன்றியது. வியாதியின் பெயரைப் பொறித்த கைவளையை உலகில் பரப்பியது. புளோரிடா மாகாணத்தில் இன்சுலினை நம்பி வாழ்பவர், தாம் விரும்பினால் அதை லைசென்ஸிலேயே குறித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஆட்சேபம் உண்டு. அது நியாயமான ஆட்சேபம். லைசென்ஸ் போலீஸார் கைக்கும் வண்டி முதலாளி கைக்கும் போகிற பத்திரம். வெள்ளக்கடையிலிருந்து மிளகும் காப்பியும் ஏற்றிச் செல்லும் டிரைவர் தமக்கு நீரிழிவு என்று எழுதிக் கொடுத்தால், அவர் பிழைப்பே போய்விடலாம். ஆகையால்தான் ‘இஷ்டப்படி’ என்னும் சொல்லை வற்புறுத்துகிறோம். வண்டி ஓட்டத் தகுதியுண்டா என்று சர்க்கார் கேட்பது வேறு. அது பிறர் பாதுகாப்புக்காக. அதற்கு விண்ணப்பப் படிவமும், 40 வயது கடந்தோர்க்கும் வாடகை வண்டி ஓட்டுவோர்க்கும் வைத்தியர் சர்டிபிகேட்டும் ஏற்கெனவே உள்ளன. நாம் கூறுவது தம் உயிர் பொருட்டுத் தாமே சொல்லிக்கொள்வது. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமையென்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்துள்ளனர். எழுதாதவரை ஏன் எழுதவில்லையென்றோ, எழுதியவரை ஏன் வேலையில் வைப்பதென்றோ கேட்க எவருக்கும் அதிகாரம் இருத்தலாகாது. இந்தக் காப்பு சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இல்லையேல் திட்டம் ஏழைத் தொழிலாளிக்குக் கண்ணியாக முடியும்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. 30 வயதுக்குட்பட்டவர் பெறும் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். மருந்தோ அதற்குள் பலமுறை மாறும். பழைய குறிப்பு தவறான வழி காட்டும். ஆதலால் ஒவ்வாமை, இரத்தம் உறையாத பிறவி நோய், இன்சுலின் தேவை போன்ற நீடித்த விஷயங்களை மட்டுமே பொறிக்க வேண்டும்; செலவின்றித் திருத்தவும் நீக்கவும் வசதி வேண்டும். குறிப்பு தமிழிலும் இங்கிலீஷிலும் இருத்தல் நலம்.

சட்டம் வரும் வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் செல்லும் மலைவாசிகளில் லைசென்ஸே இல்லாதவர் பலர். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர், வியாதி, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் டெலிபோன் நம்பர் ஆகியவற்றை எழுதிப் பையில் வைத்துக்கொள்ள எவர் உத்தரவும் தேவையில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது கிராமத்து வாலிபர் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய தொண்டு. அரசியல் ஊழியர்கள் மேடைப் பேச்சோடு நில்லாமல் இதனையும் மேற்கொள்வார்களாக. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இதைக் கேட்கும் பொறுப்பு நமது பிரதிநிதிகளைச் சேர்ந்தது.