பெட்டியில் இல்லாத கப்பல்

வேலணையிலிருந்து தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்கு வருபவரை எதிர்கொள்வது எங்கள் மடத்துவெளி. பரவைக் கடலைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கப்பலில் ஆசை பிறப்பது புதுமையன்று. எனக்கு அவ்வாசை பிளாஸ்ரிக் உருவில் வந்தது என்பதே புதுமை.

1968ஆம் ஆண்டு, கொழும்பில் கடை வைத்திருந்த என் மாமா ஒரு பெட்டி கொணர்ந்து தந்தார். 'எயார்பிக்ஸ்' என்னும் ஆங்கிலக் கம்பனி செய்த 'ஹூட்' போர்க்கப்பல் அது. 1941இல் மூழ்கிய மெய்க்கப்பலின் நீளம் 860 அடி. 600இல் ஒரு பங்காகச் சுருக்கியதால் என் கப்பல் 17 அங்குலம். ஒரே இரவில் ஒட்டி முடித்தேன். பசை வழிந்த இடமெல்லாம் தழும்பு. சுழலவேண்டிய பீரங்கிகள் சுழலவில்லை. ஆயினும் அது என் கப்பல். 1991இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அதை அலுமாரியின் மேலே விட்டுச் சென்றேன். மீண்டு வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

இளைப்பாறிய பின், "அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று வெளிநாட்டு மகன் கேட்டான். சற்றே நாணத்துடன் அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னேன்.

சிறுவனாய்ச் செய்த பிழைகளை இம்முறை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டேன். உறுப்புகளைச் சட்டத்திலிருந்து முறிக்கக்கூடாது, நறுக்கவேண்டும். அவற்றைச் சவர்க்கார நீரில் கழுவாவிட்டால் வர்ணம் பற்றாது. இப்பசை வெறுமனே ஒட்டுவதன்று. பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டை ஒன்றாக்குவது. ஆதலால் ஒரு துளி மிகுந்தாலும் வடு நிலைத்துவிடும். மிஞ்சிய சட்டத் துண்டை மெழுகுதிரிச் சுடரருகே காட்டி, இளகியதும் இழுத்தால், தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். அதுவே கப்பலின் கயிறு. கை நடுங்குகிற நாளில் வேலை செய்வதில்லை. ஓரிரவில் முடிந்தது இம்முறை நான்கு மாதம் பிடித்தது.

அயல்வீட்டு முதியவர் ஒருவர், இளமையில் ஊர்காவற்றுறையிலிருந்து சரக்கு வத்தை ஓட்டியவர், அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வடிவாத்தான் இருக்கு, மாஸ்ரர். எங்கட கப்பல் ஒண்டும் இந்தப் பெட்டியளில வாறேல்லையோ?"

என்னிடம் விடை இல்லை. அன்றிரவு முழுவதும் 'அன்னபூரணி' நினைவில் மிதந்தாள். வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய கப்பல், 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி றொபின்சன் அவளை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937இல் புறப்பட்டவள், வல்வை மாலுமிகள் பாய்விரிக்க, செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தாள். எந்தப் பெட்டியிலும் நான் அவளைக் கண்டதில்லை.

ஆகவே வெறும் பிளாஸ்ரிக் தகடு வாங்கினேன். அடிக்கு எட்டிலொரு அங்குலம் என்று கணக்கிட்டால் 11 அங்குலத்தில் அன்னபூரணி அடங்குவாள். கீழே ஏரா, அதன்மேல் விலா எலும்புபோல வங்குகள், அவற்றின்மேல் பலகை. ஆனால் ஹூட்டுக்கு எண்ணிட்ட படம் இருந்தது, இதற்கு இல்லை. நம் கரையில் மரக்கலம் கட்டிய மேஸ்திரிமார் பலர் தம் வரைபடத்தை மனத்திலே வைத்திருந்து, மனத்தோடே கொண்டுபோய்விட்டனர். அவர்கள் இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஆங்கிலக் கப்பலே கப்பல்.

முதல் உடலைக் கட்டி அயல்வீட்டாரிடம் காட்டினேன். கண்புரை மறைத்த பார்வையர். விரலால் தடவியே பார்த்தார்.

"அணியம் ஒடுங்கிப்போச்சு. இது அலையில ஏறாது, குத்தும்."

"எவ்வளவு அகலிக்கவேணும்?"

அவர் அளவு சொல்லவில்லை. இரு உள்ளங்கைகளையும் கூப்புவதுபோல் சேர்த்து, மெல்ல விரித்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "இப்பிடி."

அந்தக் கைகளின் இடைவெளியை அட்டையில் வரைந்துகொண்டேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பின்னணியத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. நாளை மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டையும் பென்சிலும் திண்ணையில் எடுத்து வைத்திருக்கிறேன்.