உதடு கேட்ட கேள்வி, எக்ஸ்ரே சொன்ன பதில்

தம்பி தங்கைகளே, ஒரு ரப்பர் வளையம் எடுத்துக்கொள்ளுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டி வருமே, அதுவே போதும். கொஞ்சம் அகலமானது கிடைத்தால் இன்னும் நல்லது. அதை மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். பிறகு முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, இரண்டு கையாலும் சட்டென்று இழுங்கள். இழுத்தபடியே மறுபடி உதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படியே சில நொடிகள் காற்றில் பிடித்திருங்கள். இப்போது சுருங்க விட்டு, உடனே உதட்டில் வையுங்கள். குளுகுளுவென்று இருக்கும்.

இதை முதலில் கண்டு எழுதியவர் ஜான் கஃப். இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரைச் சேர்ந்தவர். சின்ன வயதிலேயே பெரியம்மை வந்து கண்பார்வையை இழந்தவர். செடிகொடிகளைக்கூட விரலாலும் நாக்காலும் தொட்டே அடையாளம் சொல்வாராம். ரப்பரை இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்து, 1805-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இழுத்தால் சூடு, விட்டால் குளிர்ச்சி. ஏன்? அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

அந்த நாளில் நம் மலேசிய மண்ணில் இந்தப் பால்மரம் ஒன்றுகூட இல்லை. 1877-இல்தான் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் என்று எங்கு பார்த்தாலும் பால்மரத் தோட்டங்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை செம்பனையாக மாறிவிட்டன. ஆனால் உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்: விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போனது, ஆளுக்கொரு நிரை பிடித்துப் பால் வடிய மரப்பட்டையை வெட்டியது, மங்கு என்னும் கிண்ணத்தில் நிறைந்த பாலைக் காண்டா வாளியில் தூக்கிவந்தது, வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்தது. அந்த ஒட்டுப்பாலை இழுத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ரப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூறு. ஐசோப்ரீன் என்னும் சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து ஒரே சங்கிலியாக நீண்டிருக்கும். சும்மா இருக்கும் ரப்பரில் இந்தச் சங்கிலிகள் சுருண்டும் வளைந்தும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். இழுத்தால் அவை என்ன ஆகின்றன? சாதாரண மைக்ராஸ்கோப் வைத்தாலும் தெரியாது. நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணுக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியோ ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். அவ்வளவு சிறியதைப் பார்க்க அவ்வளவு சிறிய அலை வேண்டும். அதுதான் எக்ஸ்ரே.

1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையெலும்பைப் படம் பிடித்துவிட்டார். கிளினிக்கில் கை எலும்பைப் படம் எடுக்கும் அதே எக்ஸ்ரே, அணுக்களின் வரிசையையும் காட்டும் என்பது 1912-இல் தெரிந்தது. மாக்ஸ் ஃபான் லாவ என்பவரின் யோசனைப்படி, ஒரு படிகத்தின் வழியே மெல்லிய எக்ஸ்ரேயைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த ஒளிப்படத் தகட்டில் அழகழகான புள்ளிகள் விழுந்தன.

புள்ளி ஏன் விழுகிறது? செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். மரங்கள் கலைந்து நிற்பதுபோல் தோன்றும். சட்டென்று ஒரு நிரை திறந்து, தோட்டத்தின் மறுகோடிவரை தெரியும். சற்றுத் தள்ளிப் போனால் வேறொரு கோணத்தில் இன்னொரு நிரை திறக்கும். சுமார் 9 மீட்டர் இடைவெளி விட்டு, முக்கோண முறையில் நட்டிருப்பதால் வருவது இது. காட்டோரம் போனால் எந்த நிரையும் திறக்காது. படிகத்துக்குள்ளும் அணுக்கள் இப்படித்தான் நிரைநிரையாக நிற்கின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே சில கோணங்களில் மட்டும் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். அங்கே புள்ளி விழும். புள்ளியின் கோணத்தை அளந்தால் நிரைகளின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கை வகுத்துத் தந்தவர்கள் வில்லியம் பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும். 1915-இல் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

இனி ரப்பருக்கு வருவோம். 1925-இல் நெதர்லாந்துக்காரரான காட்ஸ் என்னும் அறிஞர் சும்மா இருந்த ரப்பர் துண்டின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்தினார். ஃபிலிமில் மங்கலான ஒரு வளையம் மட்டுமே விழுந்தது. உள்ளே நிரை இல்லை என்று அதற்கு அர்த்தம். அதே துண்டைப் பல மடங்கு இழுத்துக் கட்டிவைத்துப் படம் எடுத்தார். பளிச்சென்று புள்ளிகள்! இழுத்த ரப்பருக்குள் சங்கிலிகளின் ஒரு பகுதி பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்து, குட்டிக் குட்டிப் படிகங்களாகிவிட்டது. இழுப்பை விட்டதும் புள்ளிகள் மறைந்து, பழைய வளையம் திரும்பிவிட்டது.

ஜான் கஃப் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இழுக்கும்போது சங்கிலிகள் தாறுமாறாக ஆட இடமின்றி நீட்டி நிற்கின்றன. நன்றாக இழுத்தால் சில நிரையில் அமர்ந்து படிகமும் ஆகின்றன. அப்போது வெப்பம் வெளியே வருகிறது, உதடு சுடுகிறது. விட்டதும் நிரை கலைகிறது. கலைவதற்கு வெப்பம் வேண்டும். அதை உங்கள் உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, உதடு குளிர்கிறது. கேள்விக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே 120 ஆண்டுகள்.

அதே 1925-இல்தான் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தொடங்கப்பட்டது. அதன் பரிசோதனைத் தோட்டம் நமக்குப் பக்கத்தில், சுங்கை பூலோவில் இருந்தது.

இழுத்த ரப்பருக்குள் உண்டாகும் இந்த நிரையால் என்ன பயன்? ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால், கீறலின் நுனியில்தான் இழுப்பு மிக அதிகம். அங்கேயே சங்கிலிகள் படிகமாகி, கீறல் மேலும் கிழியாமல் தடுக்கின்றன. அதனால்தான் விமானச் சக்கரங்களுக்கு இன்றும் மரத்து ரப்பர் வேண்டியிருக்கிறது. சிப்பாங் விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானத்தின் சக்கரம் எளிதில் கிழியாமல் இருக்க இந்த நிரையும் உதவுகிறது.

எக்ஸ்ரே காட்டிய இன்னொரு சங்கிலி நம் உடம்பிலேயே இருக்கிறது. தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்ரேயைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். மூன்று சுருள் சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புதான் கொலாஜன் என்று 1954-இல் உலகுக்குச் சொன்னார்கள். பெரிய வசதிகள் எதுவும் இல்லாத ஆய்வுக்கூடத்தில், புள்ளிகளைப் பொறுமையாக அளந்து கண்ட உண்மை அது.

பொதுவாக எக்ஸ்ரேயைவிட ஆற்றல் மிக்கது காமா கதிர். அதற்கும் ரப்பரோடு தொடர்பு உண்டு. வழக்கமாக ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குவார்கள். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி அது. நம் சிலாங்கூரிலேயே பாங்கியில் இருக்கும் மலேசிய அணுசக்தி நிறுவனம், கந்தகமே இல்லாமல், கோபால்ட்-60 தரும் காமா கதிரைப் பாய்ச்சி ரப்பர் பாலைப் பக்குவப்படுத்தும் முறையை ஆராய்ந்துள்ளது. கதிர் பட்ட பாலில் கதிரியக்கம் தங்காது. ஆனால் அந்தக் கதிர் உயிருள்ள உடம்பில் பட்டால் தீங்கு. அதனால் தடித்த கான்கிரீட் சுவருக்குள் வைத்தே வேலை செய்கிறார்கள்.

ஒரு கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதே ஐசோப்ரீன் சங்கிலியைத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். ஆனால் இழுத்தால் அது மரத்து ரப்பரைப்போல் அவ்வளவு நன்றாகப் படிகமாவதில்லை. மரம் செய்யும் சங்கிலியின் ஒழுங்கு காரணமா? பாலில் கலந்திருக்கும் புரதமும் கொழுப்பும் காரணமா? இதைத் தெரிந்துகொள்ள இன்றும் மிக வலுவான எக்ஸ்ரேக்களை வைத்து ஆராய்கிறார்கள். தோட்டத்திலே பிறந்த கேள்வி இது. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே, இதற்கு விடை தேட உங்களுக்கு முழு உரிமை உண்டு.