பாட்டுக்குள் தொலைந்த சொற்கள்
ராக் பாடலில் குரலும் கருவிகளும் ஒத்துப்போவது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் வளர்ந்தது தோ பாயோவில். 1930களிலிருந்து பல்லாண்டு காலம் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் இயங்கிய கால்டிகாட் குன்று எங்கள் வட்டாரத்திற்குப் பக்கத்தில்தான். ஒலியின் மீது எனக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால், ஆசை மட்டும் போதாது என்பதை ஒரு பாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் புளோக்கைச் சேர்ந்த நான்கு இளையர்கள் சொந்தமாகத் தமிழ் ராக் பாடல் ஒன்றை எழுதினார்கள். அவர்களில் ஒருவரின் காலமான தாத்தாவைப் பற்றிய பாடல். படுக்கையறையிலேயே பதிவும் செய்துவிட்டார்கள். நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது ஒலிக்கலவையும் பழகியிருந்தேன். “அக்கா, நீங்களே மிக்ஸ் பண்ணிக் கொடுங்க” என்று வந்தார்கள். கித்தார் அதிர, டிரம்ஸ் முழங்கச் செய்து கொடுத்தேன். பாட்டியிடம் போட்டுக் காட்டினோம். பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நல்லா இருக்குப்பா. தாத்தாவைப் பத்தி என்ன பாடியிருக்கீங்க?”

பாட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும். குற்றம் என் கலவையில்தான்.

ஏன் அப்படி நேர்ந்தது? நம் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பவை ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள். சொல்லைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகளில் பெரும்பகுதி இந்தப் பக்கமே இருக்கிறது. ல, ள, ழ ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டும் கூறுகளும் இதன் கீழ்ப்பகுதியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் அமைகின்றன. ராக் இசையின் கரகரப்பான எலக்ட்ரிக் கித்தாரும், டிரம்ஸின் தட்டுகளும் வந்து உட்காருவது அதே இடத்தில்! ஒரே நாற்காலிக்கு இருவர் போட்டியிட்டால் பலசாலிதான் உட்காருவார். ஓர் ஒலி இன்னோர் ஒலியை இப்படி மூடிவிடுவதை ‘மாஸ்கிங்’ என்பார்கள்.

சரி, குரலைக் கூட்டினால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். குரலைக் கூட்டினால் கித்தார் மெலிந்து போனது போலத் தோன்றும். அதையும் கூட்டுவோம். பிறகு டிரம்ஸ். கடைசியில் எல்லாமே உச்சத்தில் நின்று, கணினி தாங்கும் எல்லையைத் தொட்டு ஒலி சிதைந்துவிடும். கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்ல வழி.

முதலாவதாக, இசை அமைப்பு. கர்நாடகக் கச்சேரியைக் கவனியுங்கள். பாடகர் சாகித்யம் பாடும்போது மிருதங்கக்காரர் அடக்கி வாசிப்பார். தனி ஆவர்த்தனத்தில்தான் கையை முழுவதும் திறப்பார். ராக்கிலும் இதே நாகரிகம் வேண்டும். வரிகள் ஓடும்போது கித்தார் சற்று ஒதுங்கி, இடைவெளியில் எழுந்து வரட்டும்.

இரண்டாவதாக, ஈக்குவலைசர். கித்தாரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு, மூன்று டெசிபல் மட்டும் குறைத்துப் பாருங்கள். கித்தாரின் பலம் பெரிதாகக் குறையாது. குரலுக்கு ஒரு கதவு திறக்கும். குரலில் 80 ஹெர்ட்சுக்குக் கீழே பெரும்பாலும் ஒலிவாங்கியின் இரைச்சலும் மூச்சின் மோதலுமே இருக்கும். அதை வெட்டிவிடலாம்.

மூன்றாவதாக, இடம். குரல், பேஸ் கித்தார், பெரிய டிரம் ஆகியவை நடுவில் இருக்கட்டும். ஒரே ராகத்தை வாசிக்கும் இரண்டு கித்தார்களை இடமும் வலமுமாகப் பிரித்து வையுங்கள். நடுவில் நெரிசல் குறையும்.

நான்காவதாக, ஏற்ற இறக்கம். ராக் பாடகர் ஒரு வரியில் முணுமுணுப்பார், அடுத்த வரியில் அலறுவார். கம்ப்ரஸர் அந்த வித்தியாசத்தைச் சுருக்கும். ஆனால், அதையே நம்பியிருக்காமல் வரிவரியாக, தேவைப்பட்டால் சொல் சொல்லாகக் கையால் ஒலியளவைச் சரிசெய்ய வேண்டும். எதிரொலியையும் அளவோடு சேர்க்க வேண்டும். அது மிகுந்தால் பாடகர் தூரத்துக் கிணற்றுக்குள் போய்விடுவார்.

கடைசியாக, மெதுவாகக் கேளுங்கள். தாழ்ந்த ஒலியளவில் நம் காதுக்குக் கனத்த ஒலிகள் குறைவாகவே எட்டும் என்பதை 1933லேயே பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதிக ஒலியில் கலந்தால் எல்லாமே பிரமாதமாகத் தோன்றும். காதும் சீக்கிரம் களைத்துவிடும். பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி இருக்காது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மெல்ல வைத்துக் கேட்டாலும் சொற்கள் புரிந்தால், நீங்கள் தேறிவிட்டீர்கள்.

எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். 1992ல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ருத்ரா’ குழு, ஹெவி மெட்டல் இசையில் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் சேர்த்து, ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயரால் உலகெங்கும் ரசிகர்களைப் பெற்றது. அவ்வகை இசையில் உறுமும் குரலும் ஒரு கருவிதான். அது கித்தார்களுக்குள் சற்றுப் புதைந்திருப்பதே அழகு. மெல்லிய ராக் பாடலுக்கு அது பொருந்தாது. ஆகவே, பாட்டு எதற்காகப் பிறந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் இளையர்களின் பாட்டு பாட்டிக்காகப் பிறந்தது. இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து மறுபடி கலந்தேன். குரலை ஏறக்குறைய தொடவே இல்லை, மற்றவற்றைத்தான் குறைத்தேன். இம்முறை பாதிப் பாட்டிலேயே பாட்டி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “அந்த வரியை இன்னொரு தடவை போடு” என்றார்.

நம் இளையர்கள் தமிழில் எழுதுவது அரிது. எழுதிய சொல் கேட்கிறவரைப் போய்ச் சேர வேண்டாமா?