சுருளின் வெளிமுனை

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. தோட்டத்து ஆட்கள் வாயில் 'ஸ்டோரு'. சலிக்கும் அறையில் கலர் சோர்ட்டர் ஓடுகிறது, ஆனால் கறுத்த தூளோடு செங்காம்பும் சேர்ந்தே விழுகிறது. கேமரா காம்பைக் கண்டவுடன் காற்றை ஊதித் தள்ளவேண்டிய வால்வுகளில் ஒன்று அசையவில்லை. எலக்ட்ரீஷியன் அதன் மின்காந்தச் சுருளைக் கழற்றி மீட்டரை வைத்தார். "கொயில் ஓபன் சேர்." உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

நாடாவைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தோம். சுற்றுகளில் ஒரு குறையுமில்லை. கம்பியின் முனை இணைப்பு ஊசியைப் பற்றும் இடத்தில் மட்டும் பாசி பிடித்தாற்போலப் பச்சை. அறுந்தது அங்கேதான்.

தலைமுடி பருமனுள்ள செம்புக் கம்பி அது. மேலே பாலியூரித்தேன் பூச்சு. பூச்சு இல்லாவிட்டால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுச் சுருளே வீண். முனையிலும் அது இருந்தால் மின்சாரம் நுழையாது. சுரண்டப்போனால் கம்பி அறும். ஆகவே ஆலைகளில் இயந்திரம் முனையை ஊசியில் இரண்டு மூன்று முறை சுற்றி, பற்றாசு ஒட்ட உதவும் ஃபிளக்ஸில் நனைத்து, ஏறத்தாழ 400 பாகையில் உருகிய பற்றாசுத் தொட்டியில் முக்குகிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு உருக 183 பாகை போதும். மிச்சச் சூடெல்லாம் பூச்சைச் சிதைக்க.

வினை அந்தச் சூட்டிலேயே இருக்கிறது. செம்பு உருக 1085 பாகை வேண்டும். உருகிய வெள்ளீயத்திலோ அது பிளேன்டீயில் விழுந்த சீனிதான், கரைந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபின் பற்றாசு பெரும்பாலும் வெள்ளீயமே என்பதால் கரைதலும் கூடியது. முக்கப்பட்ட முனை தொட்டியில் சற்று அதிக நேரம் நின்றால் கம்பி மெலியும். முந்தி எடுத்தால் வெளியே பளபளப்பு, உள்ளே பூச்சு அப்படியே. முதல் சுருளுக்கு நல்ல கையால் இந்தக் கணக்கைப் பிடிக்க முடியும். ஆயிரமாவது சுருளுக்கு இயந்திரம்தான். பற்றாசிலேயே கொஞ்சம் செம்பைக் கலந்துவைப்பதும் உண்டு: ஏற்கெனவே சீனி போட்ட தேநீரில் அடுத்த கரண்டி மெதுவாகத்தானே கரையும்!

எங்கள் சுருளைக் கெடுத்தது சூடல்ல. கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் மிச்சம், மலைநாட்டு ஈரம், நேர்மின்னோட்டம் மூன்றும் சேர்ந்தால் நேர்முனைச் செம்பு அரிக்கப்பட்டுவிடும்.

நல்லகாலம், அறுந்தது வெளிமுனை. எலக்ட்ரீஷியன் ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து, ஊசியில் சுற்றிப் பற்றவைத்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார். சுற்றுகளுக்கு அடியில் புதைந்த உள்முனையாக இருந்திருந்தால் சுருள் குப்பைக்குத்தான்.