குழந்தை உள்ள உழவர் வீட்டிற்கு எளிய கைவேலைகள்

நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வேலை நெருக்கும் நாட்களில் வீட்டிலுள்ள கைக்குழந்தையின் எடை ஏறாமல் நின்றுவிடுவதைப் பல தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். காலையில் வயலுக்குப் புறப்படும் தாய் ஒரு பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் போகிறார். அதையே பாட்டி பகல் முழுவதும் ஊட்டுகிறார். நேரம் ஆக ஆகக் கஞ்சி இறுகுகிறது. தண்ணீர் விட்டுக் கரைக்கிறார். மாலைக்குள் அது புளித்தும் விடுகிறது. இவ்வாறு வீட்டில் தானியம் இருந்தும் குழந்தை மெலிகிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 35.5 சதவீதத்தினரும், தமிழ்நாட்டில் 25 சதவீதத்தினரும் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தாய்ப்பால் மட்டுமே போதாத 6ஆம் மாதம் முதல் 2 வயது வரையுள்ள காலத்தில் நேரும் குறையைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம்.

இதற்கு விலை உயர்ந்த டப்பா உணவு தேவையில்லை. நம் நிலத்தில் விளையும் கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவையும், பெட்டியில் கிடக்கும் பழைய வேட்டி சேலைகளும் போதும். வேலை குறைந்த நாளில் இவற்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டால், வேலை மிகுந்த நாளில் குழந்தைக்குக் குறை வராது.

முளைகட்டிய சத்துமாவு

தேவையான பொருட்கள்: கேழ்வரகு 600 கிராம், பாசிப்பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், நிலக்கடலைப் பருப்பு 100 கிராம்.

உணவிற்காக வைத்துள்ள தானியத்தையே எடுக்க வேண்டும். மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையில் மீதியானதை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவிற்கு உதவாது.

செய்முறை: கேழ்வரகைக் கல், மண் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் நல்ல தண்ணீரில் ஊற வைக்கவும். காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் தளர்வாக முடிந்து வைக்கவும். நாளொன்றுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்கவும். ஒன்றரை முதல் இரண்டு நாட்களில் அரை சென்டிமீட்டர் அளவிற்கு முளை வரும். பாசிப்பயறை 8 மணி நேரம் ஊற வைத்து இதேபோல் முடிந்து வைத்தால் ஒரே நாளில் முளைத்துவிடும். புளித்த நாற்றமோ பூசணமோ தென்பட்டால் அதைக் கொட்டிவிட வேண்டும்.

முளைத்தவற்றை மெல்லிய துணியால் மூடி, வெயிலில் நன்றாக உலர்த்தவும். உலர்ந்த கேழ்வரகைக் கையால் தேய்த்து, முளையையும் வேரையும் முறத்தில் புடைத்து நீக்கவும். பின்னர் வாணலியில் இலேசாகச் சூடு காட்டினால் போதும். சிவக்க வறுக்கக்கூடாது, காரணம் பின்னர் கூறப்படுகிறது. பயறை வாசனை வரும்வரை வறுக்கலாம். நிலக்கடலையைப் பதமாக வறுத்துத் தோல் நீக்கவும். சுருங்கியதும், கறுத்ததும், பூசணம் பிடித்ததுமான பருப்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். அத்தகைய பருப்பில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுவதும் போவதில்லை.

எல்லாவற்றையும் ஆறவிட்டு, அரைத்துச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வைக்கவும். உலர்தலிலும் புடைத்தலிலும் கழிந்தது போகச் சுமார் 900 கிராம் மாவு கிடைக்கும். வேளைக்கு 30 கிராம் வீதம் நாளொன்றுக்கு இரு வேளை கொடுத்தால் இது 15 நாட்களுக்கு வரும். நிலக்கடலை சேர்ந்த மாவு நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஒரே முறையில் அதிகமாக அரைக்காமல், மாதம் இருமுறை செய்துகொள்வது நல்லது.

கேழ்வரகில் மட்டும் 100 கிராமிற்கு 7 கிராம் அளவே புரதம் உண்டு. பயறும் கடலையும் சேர்ந்த இந்த மாவில் சுமார் 14 கிராம் வரை கிடைக்கும். கேழ்வரகிலுள்ள சுண்ணாம்புச்சத்து எலும்பு வளர்ச்சிக்கு உதவும்.

நீர்த்த கஞ்சியும் இளகிய கஞ்சியும்

முளைகட்டுவதன் முக்கியப் பயன் யாதெனில், தானியம் முளைக்கும்போது அதில் அமிலேஸ் என்னும் நொதி உண்டாகிறது. இது மாவுச்சத்தை உடைத்து, கஞ்சி இறுகாமல் இளக வைக்கிறது. அதிகமாக வறுத்தால் இந்த நொதி அழிந்துவிடும். 1980களில் பரோடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முளைகட்டிய தானிய மாவைச் சிறிதளவு சேர்த்தாலே கெட்டியான கஞ்சி இளகுவதை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முளைகட்டாத கேழ்வரகு மாவு 3 தேக்கரண்டி, முளைகட்டிய மாவு 3 தேக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே ஒரே அளவு தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் காய்ச்சுங்கள். முன்னது களிபோல் இறுகும். பின்னது இளகி நிற்கும்.

குழந்தையின் வயிறு சிறியது. நீர் விட்டு நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. முளைமாவுக் கஞ்சியோ, அதிக மாவு போட்டாலும் விழுங்குவதற்கு எளிதாக இருக்கும். ஆகவே கஞ்சி இளகியிருக்கிறதே என்று மாவைக் குறைத்துவிடக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் கரண்டியில் தங்கும் பதமே சரியானது.

காய்ச்சும் முறை: 30 கிராம் மாவை, அதாவது குவித்த 2 மேசைக்கரண்டி மாவை, ஒரு சிறு தம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே மெதுவாகச் சூடாக்கவும். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் நொதி வேலை செய்யாது. கஞ்சி கொதி வந்தபின் மேலும் 5 நிமிடம் காய்ச்சி இறக்கி, அரைத் தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் சேர்க்கவும். இனிப்பு வேண்டுமானால் வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். 2 வயது வரை சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும்.

கொடுக்கும் முறை

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் 2 அல்லது 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகச் சிறுகச் சிறுகக் கூட்டவும். முதன்முறை ஒரே பொருளால் ஆன உணவையே கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்தபின் அடுத்ததைச் சேர்க்கவும். பயறும் கடலையும் தனித்தனியே ஒத்துக்கொண்டபின் மேற்கூறிய கலவை மாவைத் தொடங்கலாம். 9 மாதத்திற்குமேல் மூன்று நான்கு வேளை உணவும் இடையில் ஒரு சிற்றுணவும் தேவை. இரண்டு வயது வரையிலும் அதற்குப் பின்னும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

மாவுக் கஞ்சி மட்டும் போதாது. குழைந்த சோற்றுடன் பருப்பும், வேகவைத்து மசித்த முருங்கைக்கீரையும் சேர்த்து ஊட்டவும். நன்கு வெந்த முட்டை, மீன், பப்பாளி ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்க்கவும். சில சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். முழு நிலக்கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்தே கொடுக்க வேண்டும்.

வயலுக்குப் போகும் தாய் கஞ்சியை வைத்துவிட்டுப் போக வேண்டாம். மாவை வைத்துவிட்டுப் போகட்டும். பாட்டியோ தாத்தாவோ தந்தையோ வேளைக்கு வேளை பத்து நிமிடத்தில் புதிதாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். காய்ச்சிய கஞ்சியை 2 மணி நேரத்திற்குமேல் வைத்திருந்து ஊட்டக்கூடாது. ஊட்டுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பயிருக்கு மருந்து தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

பழந்துணியில் தையல் வேலை

குழந்தை ஈரத்தில் கிடந்தால் தோல் புண்ணாகும். மாற்றுத்துணி போதிய அளவில் இருந்தால் இத்தொல்லை குறையும். புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்து மிருதுவான பருத்தித் துணியே குழந்தையின் தோலுக்கு ஏற்றது.

இடுப்புத் துணி: 2 மீட்டர் நீளமுள்ள ஒரு வேட்டியிலிருந்து 60 செ.மீ. சதுரத்தில் 6 துண்டுகள் வெட்டலாம். ஓரங்களை இருமுறை மடித்துத் தைத்துவிட்டால் நூல் பிரியாது. இரண்டு வேட்டிகளில் ஒரு டஜன் துணி கிடைத்துவிடும். கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தவும்.

கையில்லாச் சட்டை: 6 மாதக் குழந்தைக்கு முன்பக்கத்திற்கு 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டும், பின்பக்கத்திற்கு 18 செ.மீ. அகலம், அதே நீளமுள்ள இரு துண்டுகளும் வெட்டவும். கழுத்து அகலம் 10 செ.மீ.; முன்கழுத்து இறக்கம் 5 செ.மீ.; பின்கழுத்து இறக்கம் 2 செ.மீ. கைவழிக்குப் பக்கத்திலிருந்து 3 செ.மீ. உள்வாங்கி, 12 செ.மீ. ஆழம் வளைத்து வெட்டவும். தோள்களையும் பக்கங்களையும் இணைத்து, ஓரங்களை மடித்துத் தைத்தபின், பின்பக்கத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இரு சிறு துணி நாடாக்களை வைத்துத் தைக்கவும். பொத்தானும் ஊக்கும் வேண்டாம். பொத்தான் அறுந்தால் குழந்தை விழுங்கிவிடும்.

படுக்கை விரிப்பு: ஐந்தரை மீட்டர் நூல் சேலையை ஐந்தாக மடித்தால் சுமார் 110 செ.மீ. சதுரம் வரும். நான்கு பக்கமும் தைத்து, பின் 5 செ.மீ. இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத்தையல் போடவும். வீட்டிலேயே துவைத்து உலர்த்த இது எளிது.

தூளி கட்டும் சேலை கிழிசல் இல்லாமலும், விட்டமும் கயிறும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அடியில் இந்த விரிப்பைப் போட்டு, தரையிலிருந்து தாழ்வாகக் கட்டவும். மூத்த குழந்தைகள் தூளியை முறுக்கி விளையாட விடாதீர்கள். புரண்டு எழ முயலும் குழந்தையைத் தனியே தூளியில் விடக்கூடாது.

துணித் துண்டில் விளையாட்டுப் பொருள்

மீந்த துணியில் 10 செ.மீ. சதுரமான 6 துண்டுகளை வெவ்வேறு நிறங்களில் எடுத்துப் பெட்டிபோல் இணைத்துத் தைக்கவும். ஒரு பக்கத்தைத் தைக்குமுன் உள்ளே துவைத்த கந்தல் துணிகளைத் திணித்து மூடவும். இதைப் பிடித்து, உருட்டி, தவழ்ந்து சென்று எடுப்பதே குழந்தைக்கு நல்ல பயிற்சி. மணி, குன்றிமணி, ஆமணக்கு விதை ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் நஞ்சுள்ளவை.

எடை பார்த்தல்

செய்த வேலைக்குப் பலன் உண்டா என்பதைத் தராசு சொல்லும். மாதம் ஒருமுறை அங்கன்வாடி மையத்தில் குழந்தையின் எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். அங்கு வழங்கப்படும் சத்துமாவையும் தவறாமல் வாங்கிப் பயன்படுத்துங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலும், கால் வீங்கினாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பயிருக்கு உரிய பருவத்தில் நீரும் உரமும் தவறினால் பின்னர் எவ்வளவு இட்டாலும் முழு மகசூல் கிடைக்காது என்பதை உழவர்கள் அறிவீர்கள். குழந்தைக்கு அந்தப் பருவம் முதல் இரண்டு ஆண்டுகளே. ஆகவே அடுத்த நடவு தொடங்குமுன், ஒரு படி கேழ்வரகை ஊறப் போட்டு இவ்வேலையைத் தொடங்கிப் பயன் பெறுங்கள்.