கடற்கரைச் சாலையில் ஒரு நாள் சுற்றுலா: இருபுறமும் பார்க்க வேண்டும்!

ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் கடலைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஏரி உண்டு, குளிர்ந்த காற்று உண்டு, அலையோசை கிடையாது. சொந்த ஊர்ப் பயணமும் தர்மபுரி, சேலம், வேலூர், திருவண்ணாமலை என்று உள்நாட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இத்தகைய குடும்பங்களுக்கு ஏற்றது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் சுற்றுலா. சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை சென்ட்ரல். ஞாயிறு முழுவதும் சுற்றிவிட்டு இரவு ரயிலில் திரும்பினால் திங்கட்கிழமை வேலைக்கு ஆஜராகிவிடலாம். ஆனால் செலவாவது பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கையில் இருப்பதோ ஒரே பகல். அந்தப் பகலை வீணாக்காமல் இருப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

மணிக் கணக்கு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாப் பஸ்களில் ஆறு, ஏழு இடங்கள் என்று பட்டியல் நீளும். பட்டியல் நீளமாக இருந்தால் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மணி நேரச் சுற்றுலாவில் போக வர மூன்றரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் மிஞ்சுவது ஐந்தரை மணிதான். அதை ஏழாகப் பங்கிட்டால் ஓர் இடத்துக்குச் சுமார் முக்கால் மணிதான் தேறும். மாமல்லபுரத்துக்கு மட்டுமே நிதானமாக மூன்று மணி நேரம் வேண்டும். ஆகவே டிக்கெட் வாங்கும்போது எத்தனை இடம் என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

இடப்புறம் கடல், வலப்புறம் கால்வாய்

மீனவர் கிராமங்களைத் தொட்டுச் செல்லும் இந்தச் சாலை விரிவாக்கப்பட்டு, 2002ம் ஆண்டு முதல் சுங்கம் வசூலிக்கும் சாலையாகியது. தெற்கே போகும்போது பயணிகள் எல்லோரும் இடப்புற ஜன்னலுக்கே போட்டி போடுவார்கள். சவுக்குத் தோப்பும், காயும் வலைகளும், நடுநடுவே நீலக் கடலும் தெரிவது அந்தப் பக்கம்தான். வலப்புறத்தையும் பார்க்க வேண்டும். அங்கே சாலைக்கு இணையாக ஓடுவது பக்கிங்காம் கால்வாய்.

ஒரு காலத்தில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் இதில் சென்னைக்கு வந்தன. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1877-78ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசிக்குக் கூலி வேலை செய்தவர்களின் மண்வெட்டி பட்ட இடம் அது. கால்வாய்க்கு நிலைத்த பெயரோ அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது!

வடநெம்மேலியில் இருக்கிறது முதலைப் பண்ணை. 1976ல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அநேகர். அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குவதை அவர்கள் கவனிப்பதில்லை. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு இழந்த இருளர்களைக் கொண்டு 1978ல் அமைந்த சங்கம் இது. அவர்கள் பிடிக்கும் பாம்புகளிடமிருந்து எடுக்கும் விஷம், பாம்புக் கடிக்கு மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி அல்லவா?

கல்லில் தெரியும் வேலை

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்க, அடித்தளம் முடிவடையாமல் நிற்கிறது. பல்லவர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தவச் சிற்பத்தில் இருப்பது அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்வார். தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையைக் காட்டினால் பிள்ளைகள் லேசில் நகர மாட்டார்கள். ஊருக்குள் உளிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அருகிலுள்ள சாளுவன்குப்பம் வேறொரு பாடம் சொல்லும். 2004 டிசம்பர் 26ந் தேதி வந்த ஆழிப் பேரலை இக்கரையைச் சூறையாடிச் சென்றது. அது வெளிக்காட்டிய கல்வெட்டுகளைத் தொடர்ந்து தோண்டியபோது, மணலுக்கடியில் பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. கொடுத்ததும் எடுத்ததும் அதே கடல்தான்.

அலையிடம் விளையாட்டு வேண்டாம்

முதன்முதலாகக் கடலைக் காணும் உற்சாகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி உயிரைப் பறிகொடுத்தவர்கள் இக்கரையில் பலர். பின்வாங்கும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்கள்கூட இழுப்பில் சிக்கிக்கொள்வார்கள். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பிள்ளைகளின் கையைப் பிடித்த பிடி தளரக் கூடாது. இந்தச் சாலையில் வண்டிகளின் வேகமும் அதிகம். கடலைக் கண்டதும் குறுக்கே ஓடவிடக் கூடாது.

வழிகாட்டி என்பவர் தமிழுக்குப் புதியவர் அல்ல. முன்னே போய் வந்தவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வதையே ஆற்றுப்படை என்று நூலாக்கினார்கள் நம் முன்னோர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அந்த இடைக்கழிநாடு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரோடு அங்கு வாழும் மக்களையும், அவர்கள் தொழிலையும், உணவையும் சேர்த்தே அந்தப் புலவர் சொல்லிவைத்தார். மைக்கைப் பிடித்து ஊர்ப் பெயரை மட்டும் ஒப்பிக்கும் வழிகாட்டியிடம் பயணிகள் தயங்காமல் கேள்வி கேட்கலாம். கொடுத்த காசுக்கு அதுவும் சேர்த்திதான்.